விட்டுவைத்த ஆயுள்

மழை பெய்து ஓய்ந்த மாலையில் புற்றின் வாய் திறக்கும். உள்ளேயிருந்து ஈசல்கள் கொத்துக் கொத்தாகக் கிளம்பும். கரிச்சானும் மைனாவும் பறந்து பறந்து பிடிக்கும். தவளைகள் தரையில் காத்திருக்கும். பல்லி டியூப் லைட்டுக்குப் பக்கத்தில் முன்கூட்டியே இடம் பிடித்திருக்கும். கிராமங்களில் மனிதர்களும் விளக்கு வைத்துப் பிடித்து, வறுத்து, அரிசிப்பொரியோடு கலந்து தின்பார்கள். விடியும்போது திண்ணையில் கூட்டித் தள்ள வேண்டிய இறகுகள்தான் மிச்சமிருக்கும். நிலையாமையைப் பற்றிப் பேச வந்தவர்களுக்கு ஈசலைவிட வசதியான உதாரணம் கிடைத்ததில்லை.

ஆனால் அந்தக் கூட்டத்தில் மிகச் சில ஜோடிகள் தப்பிவிடும். அவை இறகை உதிர்த்துவிட்டு, ஈரமண்ணில் ஒரு பிளவைத் தேடி இறங்கி, உள்ளே இருந்தபடியே வழியை அடைத்துக்கொள்ளும். அந்தப் பெண் ஈசல்தான் நாளைக்குப் புதுப் புற்றின் ராணி. கறையான் ராணிகளில் பத்தாண்டு, இருபதாண்டு வாழ்பவை உண்டு. நாய் வாழும் காலத்தை ஒரு பூச்சி மண்ணுக்குள் வாழ்ந்து தீர்க்கிறது. கரிச்சானின் வாயில் போனதும் இதுவும் ஒரே புற்றில், ஒரே தாய்க்குப் பிறந்தவை. ஒன்றுக்கு ஒரு மாலை, மற்றதற்கு இருபது வருடம். ஆயுளைத் தலையில் எழுதி அனுப்புகிறான் என்று சொல்லிப் பழகிய நமக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் இடிக்கிறது. எழுதியவன் ஒரே தாயின் பிள்ளைகளுக்கு இவ்வளவு ஓரவஞ்சனை செய்வானா?

உயிர்களின் ஆயுள் ஏன் இப்படி ஏறுக்குமாறாக இருக்கிறது என்ற கேள்விக்கு முதலில் தோன்றும் விடை உடலின் அளவு. சுண்டெலியைப் பத்திரமாக வளர்த்தாலும் இரண்டு மூன்று வருடம்தான். மாடு இருபது வருடம் வாழும். யானை அறுபதைத் தாண்டும். ஆர்க்டிக் கடலில் வாழும் போஹெட் திமிங்கிலம் இருநூறைத் தொடும். 2007-இல் அலாஸ்காவின் பழங்குடியினர் வேட்டையாடிய ஒரு போஹெட்டின் உடலுக்குள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்யப்பட்ட வெடி ஈட்டியின் துண்டு கிடைத்தது. யாரோ ஒருவர் தொடுத்த ஈட்டியை அது நூறு வருடத்துக்கும் மேலாகச் சுமந்துகொண்டு நீந்தியிருக்கிறது.

சிறிய உடல் வேகமாக எரிகிறது, பெரிய உடல் நிதானமாக எரிகிறது, எனவே சிறியது சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று ஜெர்மானிய உடலியல் அறிஞர் மாக்ஸ் ரூப்னர் 1908-இல் ஒரு கணக்குப் போட்டார். அமெரிக்க அறிஞர் ரேமண்ட் பேர்ல் 1928-இல் அதை வாழ்வின் வேகம் என்ற கொள்கையாக்கினார். சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு அறுநூறு முறை துடிக்கிறது, யானையின் இதயம் முப்பது முறை. வாழ்நாள் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் ஏறத்தாழ நூறு கோடித் துடிப்பு. இந்தக் கணக்கு நமக்கு அந்நியமானதும் இல்லை. ஒரு நாளைக்கு 21,600 மூச்சு, அதை அடக்கி ஆண்டால் ஆயுள் நீளும் என்று சித்தர் மரபு சொல்லிவந்திருக்கிறது. மெதுவாக மூச்சு விடும் ஆமை நெடுநாள் வாழ்கிறது என்பதை யோகம் சொல்லித் தருபவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

அழகான கணக்குத்தான். ஆனால் வௌவால் அதில் உட்கார மறுக்கிறது. சைபீரியாவில் வளையம் மாட்டி விடப்பட்ட ஒரு பிராண்ட் வௌவால் 41 ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடு பிடிபட்டது. அதன் எடை ஏழு கிராம் அளவுதான். சுண்டெலியைவிடச் சிறிய உடல், பறக்கும்போது சுண்டெலியைவிட வேகமாக அடிக்கும் இதயம், ஆயுளோ பத்து மடங்குக்கு மேல். பறவைகளும் அப்படியே. அவற்றின் உடல் நம்முடையதைவிடச் சூடாகவே எரிகிறது. ஆனால் கிளிகள் பல பத்தாண்டுகள் வாழ்கின்றன. பசிபிக் கடலின் மிட்வே தீவில் 1956-இல் வளையம் மாட்டப்பட்ட விஸ்டம் என்ற ஆல்பட்ராஸ் எழுபது வயதைத் தாண்டிய பிறகும், 2024-இல், முட்டையிட்டது. நாய்களைப் பார்த்தால் கணக்கு தலைகீழாகவே நிற்கிறது. குதிரைக்குட்டி போல வளரும் கிரேட் டேன் எட்டு ஒன்பது வயதில் ஓய்ந்துவிடும், மடியில் தூங்கும் பொமரேனியன் பதினான்கு பதினைந்து வரை குரைக்கும். நம்மையே எடுத்துக்கொண்டால், எழுபது வயது மனிதனின் இதயம் இருநூற்றைம்பது கோடி முறைக்கு மேல் துடித்திருக்கும். நூறு கோடிதான் அளவு என்றால் நாம் முப்பதைத் தாண்டியிருக்கக் கூடாது.

இரண்டாவது விடை இன்னும் பழையது. புதியவர்களுக்கு இடம் விடவே பழையவர்கள் சாகிறார்கள், இயற்கையே அப்படி ஏற்பாடு செய்திருக்கிறது என்பது அது. 19-ஆம் நூற்றாண்டில் ஆகஸ்ட் வைஸ்மன் போன்ற பெரிய உயிரியலாளரே இப்படி யோசித்திருக்கிறார். துக்க வீட்டில் ஆறுதல் சொல்ல இந்த வாசகம் உதவும். ஆனால் காட்டில் போய்ப் பார்த்தால் இதற்கு ஆதாரம் கிடைப்பது கடினம். அங்கே கிழட்டு எலியைக் காண்பதே அபூர்வம். ஆந்தையும் பாம்பும் பூனையும் குளிரும் பசியுமாகச் சேர்ந்து, பெரும்பாலான எலிகளை ஒரு வயதுக்குள் முடித்துவிடுகின்றன. முதுமை வரை யாரும் வந்து சேராத இடத்தில், முதியவர்களை அப்புறப்படுத்த ஒரு தனி ஏற்பாடு எதற்கு?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனவர் பீட்டர் மெடாவர். பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர். 1951-இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஆற்றிய உரையில் அவர் சோதனைக் குழாய்களை வைத்து இதை விளக்கினார். ஆய்வகத்தில் ஆயிரம் கண்ணாடிக் குழாய்கள் இருக்கின்றன. மாதாமாதம் சில கைதவறி உடைகின்றன, உடைந்தவற்றுக்குப் பதில் புதியவை வருகின்றன. குழாய்க்கு முதுமை கிடையாது, பழையதும் புதியதும் ஒரே உறுதிதான். ஆனாலும் சில வருடம் கழித்துப் பார்த்தால் பழைய குழாய் ஓரிரண்டுதான் மிஞ்சியிருக்கும். அந்த ஓரிரண்டில் பழமையால் விரிசல் வந்தாலும் ஆய்வகத்துக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை.

உயிர்களுக்கும் இதே நிலைதான். குட்டிப் பருவத்தில் கொல்லும் ஒரு கோளாறு, அடுத்த தலைமுறைக்குப் போகாமல் அங்கேயே அழிந்துவிடும். பிள்ளைகளைப் பெற்று முடித்த பிறகு தலைகாட்டும் கோளாறு, பிள்ளைகள் வழியாக அதற்கு முன்பே கைமாறிப் போயிருக்கும். இயற்கைத் தேர்வின் பார்வை இளமையில் கூர்மையாக இருக்கிறது, வயது ஏற ஏற மங்குகிறது. அந்த மங்கலில் சேர்ந்துபோகும் குப்பைதான் முதுமை. ஜே.பி.எஸ். ஹால்டேன் இதற்கு முன்பே ஒரு நோயை வைத்து இதைக் கவனித்திருந்தார். பின்னாளில் இந்தியக் குடிமகனாகி 1964-இல் புவனேஸ்வரத்தில் மறைந்த அதே ஹால்டேன்தான். ஹன்டிங்டன் என்ற அந்தக் கொடிய நரம்பு நோய் பெரும்பாலும் நடுவயதில்தான் தொடங்குகிறது. அதற்குள் அந்த மரபணு அடுத்த தலைமுறைக்குள் நுழைந்திருக்கும்.

1957-இல் ஜார்ஜ் வில்லியம்ஸ் இன்னொரு படி போனார். இளமையில் நன்மை செய்யும் மரபணுவே முதுமையில் தீமை செய்யலாம், அப்போதும் அது நிலைத்துவிடும், ஏனென்றால் நன்மை முன்னால் வருகிறது என்றார். 1977-இல் டாம் கிர்க்வுட் இதைச் செலவுக் கணக்காகவே பார்த்தார். உடலுக்குக் கிடைக்கும் சக்தி அளவானது. அதில் ஒரு பங்கு பிள்ளை பெறவும், ஒரு பங்கு உடலைப் பழுதுபார்க்கவும் போக வேண்டும். ஒரு வயதுக்குள் ஆந்தைக்கு இரையாகப் போகும் எலி, பத்து வருடம் தாங்கும் உடலைக் கட்டி என்ன காணப்போகிறது? உள்ளதையெல்லாம் குட்டிகளில் போடும் எலியின் வம்சமே தழைக்கும்.

அப்படியானால் ஆபத்து குறைந்த இடத்தில் ஆயுள் நீள வேண்டும் அல்லவா? இதைச் சோதிக்க ஸ்டீவன் ஆஸ்டட் என்ற உயிரியலாளர் ஒபாசம் என்ற விலங்கை எடுத்துக்கொண்டார். பூனை அளவிருக்கும், கங்காருவைப் போலப் பையில் குட்டி வளர்க்கும். வெனிசுவேலாவில் ஒபாசங்களைத் திரும்பத் திரும்பப் பிடித்துப் பார்த்தபோது, சில மாதங்களுக்கு முன் துடிப்பாக இருந்தவை கண்ணில் புரை விழுந்து, மூட்டு விறைத்துக் கிடப்பதைக் கண்டு அவர் திகைத்துப் போயிருந்தார். அமெரிக்காவின் ஜார்ஜியா கடற்கரைக்கு அப்பால் சபேலோ என்று ஒரு தீவு இருக்கிறது. சில ஆயிரம் ஆண்டுகளாகப் பெருநிலத்திலிருந்து பிரிந்து கிடக்கும் அந்தத் தீவில், ஒபாசத்தைத் தின்னும் விலங்குகள் இல்லையென்றே சொல்லலாம். அங்கே அவர் கண்டவற்றை 1993-இல் வெளியிட்டார். தீவு ஒபாசங்கள் நிலத்து ஒபாசங்களைவிட மெதுவாக மூப்படைந்தன. நிலத்தில் இரண்டாம் ஈற்றுக்குப் பிழைத்திருப்பவை சொற்பம், தீவில் பல இருந்தன. ஓர் ஈற்றில் பெறும் குட்டிகள் தீவில் குறைவு. வாலின் தசைநாரைச் சோதித்தபோது அதுவும் தாமதமாகவே விறைத்தது. துரத்த ஆளில்லாத இடத்தில், சில ஆயிரம் ஆண்டுகளுக்குள், உடலே தன் அவசரத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது.

இந்தச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டால் பல பூட்டுகள் திறக்கின்றன. வௌவாலுக்கும் பறவைக்கும் சிறகு இருக்கிறது, பிடிக்க வருபவன் தரையில் நின்றுவிடுகிறான். ஆமைக்கு ஓடு. 1882-இல் செயின்ட் ஹெலீனா தீவுக்கு வளர்ந்த ஆமையாகக் கொண்டுவரப்பட்ட ஜோனதன், பல ஆளுநர்களை வழியனுப்பியிருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் நிலத்தடிச் சுரங்கங்களில் வாழும் மயிரற்ற எலி, வெளி எலியைப் போலப் பத்து மடங்குக்கு மேல், முப்பது வருடத்தையும் தாண்டி வாழ்கிறது. வட அட்லாண்டிக்கின் ஆழத்தில், எதிரியும் அவசரமும் இல்லாத குளிரில் ஊர்ந்து திரியும் கிரீன்லாந்து சுறா, 2016-இல் வெளிவந்த ஆய்வின்படி குறைந்தது 272 ஆண்டு வாழும். அது இனப்பெருக்கத்துக்குத் தயாராவதற்கே ஏறத்தாழ 150 வருடம் ஆகும் என்கிறார்கள். கறையான், எறும்பு, தேனீ ஆகியவற்றின் ராணிகள் தனித்து வாழும் பூச்சிகளைவிடச் சராசரியாக நூறு மடங்கு வாழ்கின்றன என்று லோரன் கெல்லரும் மிஷெல் ஜெனூவும் 1997-இல் காட்டினார்கள். ராணியைச் சுற்றிச் சுவர் இருக்கிறது, சுவரைச் சுற்றிக் காவல் இருக்கிறது.

மறுபக்கத்தில், மிச்சம் வைக்காமல் செலவழிப்பவை. பசிபிக் சால்மன் கடலிலிருந்து ஆற்றை எதிர்த்து ஏறி, பிறந்த ஓடைக்கு வந்து முட்டையிட்டுச் செத்துப்போகும். ஆஸ்திரேலியாவின் ஆன்டிகைனஸ் என்ற எலி போன்ற பிராணியில் ஆண்கள் அனைத்தும் ஒரு வயது நிறைவதற்குள், ஒரே இணைசேரும் பருவத்தின் முடிவில், களைத்து விழுந்து சாகின்றன. பெண் ஆக்டோபஸ் இரை எடுக்காமல் முட்டைகளைக் காத்து, அவை பொரியும் வேளையில் இறக்கும். 1977-இல் ஜெரோம் வொடின்ஸ்கி என்ற ஆய்வாளர், முட்டையிட்ட ஆக்டோபஸ்களின் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சுரப்பியை அகற்றினார். அவை அடைகாப்பதை விட்டன, திரும்ப இரை எடுத்தன, மேலும் பல நாள் வாழ்ந்தன. அந்த உடலுக்கு வாழத் தெரியாமல் இல்லை. இன்னொரு ஈற்று வரை பிழைத்திருக்கும் வாய்ப்பு இல்லாத உலகில், தன்னை மிச்சம் பிடிப்பது வீண் என்று அதன் வம்சம் கற்றிருக்கிறது. குலை தள்ளியதும் சாயும் வாழையை நாம் குறைசொல்வதில்லை, கல்யாணப் பந்தலில் அதைத்தான் கட்டுகிறோம்.

எனவே நீண்ட ஆயுளை இயற்கை கொடுத்த பரிசு என்றும், குறுகிய ஆயுளைத் தண்டனை என்றும் படிப்பது தவறு. எலியின் வம்சமும் திமிங்கிலத்தின் வம்சமும் இன்றுவரை வந்து சேர்ந்திருக்கின்றன, ஒன்று ஓடி வந்தது, மற்றது நடந்து வந்தது. இரண்டின் ஆயுளிலும் எழுதப்பட்டிருப்பது ஒரே செய்தி. அவற்றின் முன்னோர்களை அவற்றின் உலகம் எவ்வளவு காலம் விட்டுவைத்தது என்பதே அது.

இதுவரை சொன்னதில் பாதுகாப்பு என்பது சிறகு, ஓடு, சுரங்கம், ஆழம். சில உயிர்களுக்கு இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது, அது கூட்டத்தில் மூத்தது. தான்சானியாவின் தரங்கிரே பூங்காவில் 1993-இல் கடும் வறட்சி வந்தது. சில யானைக் கூட்டங்கள் பூங்காவை விட்டு நீரும் தீனியும் தேடி வெளியேறின, அவற்றின் கன்றுகள் அதிகம் பிழைத்தன. ஒரு கூட்டம் அங்கேயே தங்கிக் கன்றுகளை இழந்தது. முந்தைய பெரிய வறட்சி 1958 முதல் 1961 வரை. அதைக் கண்ட மூத்த பெண் யானைகள் வெளியேறிய கூட்டங்களில் இருந்தன. தங்கிய கூட்டமோ தந்தத் திருடர்களிடம் தன் மூத்தவர்களை ஏற்கெனவே பறிகொடுத்திருந்தது. கிழட்டு யானையின் நினைவே வழிகாட்டியிருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரம் வாழும் ஓர்கா திமிங்கிலங்களை 1970-கள் முதல் ஒவ்வொன்றாக அடையாளம் வைத்துக் கவனித்து வருகிறார்கள். பெண் ஓர்கா நாற்பது வயதை ஒட்டிக் குட்டி ஈனுவதை நிறுத்திவிட்டு, அதன் பிறகும் பல பத்தாண்டுகள் வாழ்கிறது. சால்மன் குறைந்த வருடங்களில் கூட்டத்தின் முன்னால் நீந்துவது அந்தக் கிழவிதான். முப்பது வயதைத் தாண்டிய ஆண் ஓர்கா, தாய் இறந்த அடுத்த ஆண்டுக்குள் சாகும் அபாயம் ஏறத்தாழ 14 மடங்காகிறது என்று 2012-இல் வெளியான ஆய்வு சொன்னது. தடியாக வளர்ந்த மகனுக்கும் அம்மா தேவைப்படுகிறாள்.

பிள்ளைப்பேறு நின்ற பிறகும் நெடுங்காலம் வாழும் அரிய உயிர்களில் நாமும் ஒருவர். தான்சானியாவின் ஹட்சா மக்களிடையே பணியாற்றிய கிறிஸ்டன் ஹாக்ஸ், பாட்டிமார் நாள் முழுவதும் இறுகிய நிலத்தைக் குத்திக் கிழங்கு தோண்டுவதைக் கண்டார். மகளுக்கு அடுத்த குழந்தை பிறந்து, முந்தைய குழந்தை பால் மறந்து நிற்கும்போது, அதன் எடை ஏறுவதும் இறங்குவதும் பாட்டியின் உழைப்பைப் பொறுத்திருந்தது. பாட்டி இருந்த வீட்டில் பேரன் பிழைத்தான், அவன் உடலில் பாட்டியின் நீண்ட ஆயுளும் சேர்ந்து பிழைத்தது. எல்லா ஆய்வாளர்களும் இதை முழுமையாக ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஆனாலும் மனித முதுமை தற்செயலாக மிஞ்சிப்போன ஒன்று என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. மெடாவர் சொன்ன மங்கலில் ஒரு விளக்கு ஏற்றப்பட்டிருக்கிறது, ஏற்றியது பேரப்பிள்ளைகளின் பசி.

இனி நம் ஊருக்கு வருவோம். சுதந்திரம் வந்தபோது இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டி இருந்தது. இன்று எழுபதை ஒட்டி இருக்கிறது. அன்று எல்லோரும் முப்பத்திரண்டில் கிழவராகிவிட்டார்கள் என்று இதற்குப் பொருளில்லை. ஐந்து வயதுக்குள் போன குழந்தைகளும் பிரசவத்தில் போன தாய்மாரும் சராசரியைக் கீழே இழுத்தார்கள். எண்பது வயதுத் தாத்தா அன்றும் இருந்தார், அவரோடு பிறந்தவர்களில் பெரும்பாலோர்தான் இல்லை. இந்த எழுபத்தைந்து சொச்ச ஆண்டில் நம் மரபணு மாறிவிடவில்லை. சுற்றி இருப்பவை மாறின. 1975-க்குப் பிறகு இந்த நாட்டில் பெரியம்மை யாரையும் தொடவில்லை. இயற்கையாகப் பரவும் போலியோ கிருமி 2011-க்குப் பிறகு ஒரு குழந்தையையும் முடக்கவில்லை. வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொடுத்துப் பிழைக்கவைக்கலாம் என்று 1971-இல் வங்க அகதி முகாமில் திலீப் மகலனாபிஸ் செய்துகாட்டினார். குளோரின் போட்ட குடிநீர், ஊர் ஊராக நடந்த செவிலியர், ரேஷன் அரிசி, சத்துணவு என்று இன்னும் எத்தனையோ. ஒபாசத்துக்கு ஒரு தீவு செய்ததை நாம் நமக்கு நாமே செய்துகொண்டிருக்கிறோம், சில ஆயிரம் ஆண்டுக்குப் பதில் இரண்டு மூன்று தலைமுறையில்.

ஆகவே ஆயுள் தனிச் சொத்து இல்லை. எண்பது வயதில் ஒருவர் காலை நடை போகிறார் என்றால், அவருடைய உணவுக் கட்டுப்பாட்டுக்கும் அதில் பங்குண்டு. அதைவிடப் பெரிய பங்கு, அவர் கைக்குழந்தையாக இருந்தபோது அவருக்கு ஊசி போட்ட, தண்ணீர் காய்ச்சிக் கொடுத்த, பெயர் தெரியாத பலருடையது. அதே ஊரில், சாக்கடைக் குழிக்குள் இறக்கப்பட்டு நாற்பதில் சாகும் மனிதனின் குறைந்த ஆயுளுக்கும் அதேபோலப் பலர் பொறுப்பு. அவரை விதி கொண்டுபோயிற்று என்பது நமக்கு வசதியான பேச்சு. விதி நச்சுவாயுவின் வடிவில் ஒரு குறிப்பிட்ட தெருவுக்கு மட்டும் வருவதில்லை.

முதுமையைப் பற்றி இயற்கைக்கு எந்த அக்கறையும் கிடையாது. பிள்ளைகளைக் கரையேற்றிய உடலை அது திரும்பிப் பார்ப்பதில்லை. மூட்டு தேய்ந்தவரை, நினைவு தப்பியவரை, சொன்னதையே சொல்பவரைப் பார்த்துக்கொள்ள முடிந்தவர்கள் மனிதர்கள் மட்டுமே. அதை நாம் செய்யாவிட்டால் செய்ய வேறு யாரும் இல்லை. சராசரி ஆயுளைக் கூட்டிவிட்டோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டு, கூட்டிய வருடங்களை ஒரு அறையிலும் ஒரு டி.வி.யிலும் அடைத்துவைத்தால், நாம் செய்தது பாதி வேலைதான்.

காலில் விழுந்த பிள்ளையை "தீர்க்காயுசா இரு" என்று வாழ்த்துகிறோம். அந்த வாழ்த்து பலிப்பது மேலே இருக்கும் எவருடைய பேனாவிலும் இல்லை. அந்தப் பிள்ளை குடிக்கும் தண்ணீரிலும், கடக்கும் சாலையிலும், செய்யும் வேலையிலும், முதுமையில் அதன் பக்கத்தில் உட்காரப்போகும் மனிதரிலும் இருக்கிறது. வாழ்த்தியவர்கள்தான் அதைப் பலிக்கவும் வைக்க வேண்டும்.